செருமும் கம்பம்

ஏழாம் தெருவுக்குள் சொரிமுத்து இரண்டு எட்டுதான் வைத்திருப்பான். தெருமுனைக் கம்பம் தொண்டையைச் செருமியது.

"ம்க்கும்."

பெரிய சத்தம் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்த சம்பந்தி, தாம் வந்திருப்பதைத் தெரிவிக்க வாசலில் நின்று செருமுவாரே, அந்த அளவுதான். ஆனால் அந்த ஒரு செருமலுக்குத் தெருவில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வேப்பமரத்தடியில் கேரம் ஆடிக்கொண்டிருந்த ஜெபராஜ் சார் காயைச் சுண்டாமல் விரலை அப்படியே வைத்துக்கொண்டார். உள்ளி உரித்துக்கொண்டிருந்த பகவதி முறத்தை இறக்கிவைத்துவிட்டு எழுந்தாள்.

"யாரு வேணும், அண்ணாச்சி?"

சொரிமுத்து தொழில்முறைத் திருடன். மொட்டைமாடியில் வெயிலைப் பிடித்து இரவுக்குச் சேர்த்துவைக்கிற வெயில்கலங்களைத் திருடுவது அவன் வேலை. கலம் ஒவ்வொன்றும் தலையணை அளவுதான் இருக்கும். விலையோ ஒரு நல்ல வண்டிக்குச் சமம். அப்போதெல்லாம் திருடர்கள் கழுத்தில் தங்கம் மின்ன நடப்பவர்களைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எல்லாருடைய கண்ணும் மாடியில்தான் இருந்தது. கண்காணிப்புக் கருவிகளை ஏமாற்றுவது சொரிமுத்துவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் செருமுகிற கம்பத்தை அவன் அன்றுதான் பார்க்கிறான்.

அந்தக் கம்பத்தை வாங்கி நட்டவர் தெருச் சங்கத்தின் செயலாளர் ஆவுடையப்பன். இயந்திரங்கள் எவருடைய முகத்தையும் சேமித்து வைக்கக்கூடாது என்று முகக்காப்புச் சட்டம் வந்ததும், ஊரில் இருந்த கேமராக்கள் எல்லாம் குருடாகிப் போயின. பாளையங்கோட்டையின் புதுக்குடியிருப்புகளில் கலத் திருட்டு தலைவிரித்து ஆடியது. ஏழாம் தெருவில் மட்டும் ஒரே கோடையில் பாதி வீடுகள் புழுக்கத்தில் வெந்தன. அப்போதுதான் ஆவுடையப்பன் இந்தப் பரிச்சயக் கம்பத்தைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். அது வருகிறவனின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. அவனைப் பார்க்கிறவர்களின் கண்ணைப் பார்க்கும். தெரிந்த முகத்தைக் கண்டதும் நம் கண்ணின் பாப்பா மயிரிழை அளவு விரிகிறது. அதை நாமே அறியமாட்டோம், அடக்கவும் முடியாது. பார்த்தவர்களில் ஒருவர் கண்ணாவது விரிந்தால் கம்பம் பேசாமல் இருக்கும். ஒரு கண்ணும் விரியாவிட்டால் செருமும். அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. தெருவில் பார்க்க ஆளில்லை என்றால் கம்பமும் குருடு. ஆகவே வீட்டுக்கு ஒருவர் முறைபோட்டு வாசலில் உட்கார வேண்டும் என்று சங்கம் முடிவுசெய்தது. அதற்குக் கண்முறை என்று பெயர். முதலில் எல்லாரும் முனகிக்கொண்டுதான் நாற்காலியை வெளியே போட்டார்கள். வெளியே உட்கார்ந்தால் சாக்கடை நாறுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. சாக்கடையை மூடினார்கள். வெயில் சுட்டது. மரம் வைத்தார்கள். மரத்தடி வந்ததும் கேரம் பலகை வந்தது, பலகையைத் தொடர்ந்து சுண்டல் வந்தது. முறை இல்லாதவர்களும் வெளியே வந்து உட்கார ஆரம்பித்தார்கள். திருட்டு நின்றதோடு, தெருவுக்கே ஒரு களை வந்துவிட்டது.

"வீடு பாக்க வந்தேன். வாடகைக்கு," என்றான் சொரிமுத்து. வழக்கமாகச் சொல்லும் பொய் அது.

"அப்படியா! எங்க மாடியில ஒரு ரூம்பு சும்மாத்தான் கெடக்கு. மொதல்ல காப்பியக் குடிங்க. பேரு என்ன?"

வேறொரு பெயர் சொல்லத்தான் வாயைத் திறந்தான். பகவதி கொடுத்த டம்ளர் கையைச் சுட்டது. சுட்ட வேகத்தில் "சொரிமுத்து" என்று உண்மைப் பெயரே வந்து விழுந்துவிட்டது. போலீஸ்காரர்களுக்குக்கூட அவன் சொல்லாத பெயர்.

"நல்ல பேரு. வாங்க, முகங்காட்டிட்டு வந்துருவோம்."

முகங்காட்டல் அந்தத் தெருவில் புதிதாக முளைத்த வழக்கம். ஒரு வீட்டுக்குத் தெரிந்தவர் என்றாலும், அந்த வீட்டார் உள்ளே இருக்கும் நேரத்தில் அவர் வந்தால் கம்பம் செருமிவிடும். விருந்துக்கு வந்த மாப்பிள்ளையைப் பார்த்துக் கம்பம் செருமி, அவர் கோபித்துக்கொண்டு திரும்பிப்போன கதையும் நடந்திருக்கிறது. அதனால் தெருவுக்கு யார் புதிதாக வந்தாலும், கல்யாணப் பத்திரிகை வைப்பதுபோல் வீடுவீடாக அழைத்துப்போய் முகத்தைக் காட்டிவிடுவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது வாயில் போட்டே ஆகவேண்டும்.

சொரிமுத்துவுக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த கதையாக இருந்தது. வீட்டுக்காரர்களே கூப்பிட்டு உட்காரவைத்து, முறுக்கும் கொடுத்து, மாடிப்படி எங்கே இருக்கிறது, எந்தக் கதவுக்குத் தாழ் சரியில்லை என்பதையெல்லாம் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள். ஜெபராஜ் சார் மாடிக்கே அழைத்துப்போய்த் தம் வெயில்கலத்தைத் தட்டிக் காட்டினார். கடைசி வீடு செயலாளருடையது. அவர் மனைவி காந்திமதி சொதி ஊற்றிச் சோறு போட்டாள்.

"செயலாளரப் பாக்கலியே, மதினி?"

"அவுகளா? உள்ள கம்பத்துக் கணக்கப் பாத்துக்கிட்டு இருக்காவ. யாரு கண்ணு எம்புட்டு விரிஞ்சிதுன்னு திரையில கோடு கோடா ஓடும். அத விட்டு எந்திரிக்க மாட்டாவ. தெருவுக்கே கண்ணு வாங்கிக் குடுத்த மனுசன், சன்னலத் தெறந்து பாக்க மாட்டாவ. இந்தத் தெருவுல முகங்காட்டாத ஒரே ஆளு அவுகதான்."

உள்ளறையிலிருந்து சத்தமே இல்லை. சங்கத்துக்கு ஏதாவது சொல்லவேண்டும் என்றாலும் ஆவுடையப்பன் எழுத்தில்தான் அனுப்புவார். ‘கம்பம் பொய் சொல்லாது, கம்பத்தை நம்புங்கள்’ என்பது அவர் அடிக்கடி அனுப்பும் வாசகம்.

மாடி அறையில் அன்று படுத்தபோது சொரிமுத்துவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கூட்டாளி மாசானத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டு, ஒரு வாரத்தில் வண்டியோடு வரச் சொன்னான்.

ஒரு வாரத்தில் முடியவில்லை. காரணம் எளிது. கம்பம் அவனைப் பார்த்துச் செருமவில்லைதான், ஆனால் தெரு கூப்பிட்டது. பத்தடி நடந்தால் "என்ன சொரிமுத்து, எங்க கெளம்பிட்டிய?" என்று ஒரு குரல். தோளில் பையோடு வந்தால் "பையில என்ன?" என்று ஒரு குரல், அதுவும் சந்தேகத்தில் இல்லை, வெறும் ஆசையில். வேறொரு வீட்டு மாடிக்கு ஏறினால் எதிர்மாடியிலிருந்து பகவதியின் மாமியார் வற்றலுக்குக் காக்காய் விரட்டச் சொன்னாள். திருடனுக்கு வேண்டியது கண்ணில் படாமல் இருப்பது. அறிமுகமானவனுக்கு அது ஒன்றுதான் கிடைக்காது. கம்பத்தை வெல்ல அவன் செய்த தந்திரமே அவன் காலைக் கட்டிவிட்டது.

சும்மா இருக்க முடியாமல் ஜெபராஜ் சாரின் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்தான். கலங்களைக் கழற்றிப் பழகிய கையல்லவா, பழுதான கலங்களையும் பார்த்துக்கொடுத்தான். கண்முறையிலும் அவன் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். புதிதாக யாராவது வந்து கம்பம் செருமினால், "யாரு வேணும்?" என்று முதலில் எழுவது அவன்தான். அப்படி எழுந்து கேட்பதில் அவனுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது என்பதை மறைப்பானேன். பிறந்ததிலிருந்து ஊர் ஊராகப் போனவன். நடுத்தெருவில் நாலு பேர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. அது போய்விடுமோ என்று பயமாகவும் இருந்தது.

மாசானத்துக்கு இதெல்லாம் புரியவில்லை. "என்னவே, அங்கயே பொண்ணு எடுத்து செட்டிலாகப் போறீரா? கோயில் கொடைக்குள்ள காரியத்த முடியும். இல்லன்னா நான் வேற ஆளக் கூட்டிக்கிட்டு நானே வாரேன். நீரு யாருன்னும் அங்கவச்சே சொல்லிட்டுப் போறேன்."

ஆற்றங்கரை அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. மதியக் கொடைக்குத் தெருவே கிளம்பும். பக்தி இல்லாவிட்டாலும் கொடைச் சாப்பாடு இருக்கிறது என்று ஜெபராஜ் சாரும் கிளம்பிவிடுவார். தெருவில் யாராவது ஒருவர் கண்முறைக்கு இருக்கவேண்டுமே என்று பேச்சு வந்ததும் சொரிமுத்து கையைத் தூக்கினான்.

"நான் இருக்கேன். நீங்க எல்லாரும் போய்ட்டு வாங்க."

"பாத்தியளா, இவருல்லா மனுசன்!" என்றாள் பகவதி. போகும்போது வீட்டுச் சாவிகளையும் அவனிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள். பாலுக்குப் பூனை காவல் என்பார்களே, அந்தப் பூனை அன்று சாவிகளைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டிகள் மறையும்வரை வாசலிலேயே நின்றது.

காந்திமதி அந்த வருஷம் ஒரு தீர்மானத்தோடு இருந்தாள். விடிவதற்குள் கணவரை எழுப்பிக் குளிக்கவைத்து, அண்டா குண்டான் ஏற்றிய முதல் வண்டியில் அவரையும் ஏற்றி அனுப்பிவிட்டிருந்தாள். பின்னால் விட்டால் திரை முன்னால் உட்கார்ந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

வெயில் உச்சிக்கு வந்தபோது மாசானத்தின் வண்டி தெருவுக்குள் நுழைந்தது. கம்பம் செருமவில்லை. அந்த நேரம் தெருவில் இருந்த ஒரே கண்கள் சொரிமுத்துவுடையவை. அவற்றுக்கு மாசானத்தை நன்றாகத் தெரியும்.

"வேப்பமரத்தடியில வண்டியப் போட்டு உக்காரும். எறக்கித் தாரேன்," என்று சொல்லிவிட்டுச் சொரிமுத்து சாவிக்கொத்தோடு கிளம்பினான்.

முதலில் பகவதி வீட்டு மாடி. கலத்தில் கை வைத்ததும் அவள் மாமியாரின் மூச்சிழைப்பு நினைவுக்கு வந்தது. கலத்தில் ஓடும் காற்றுப்பெட்டி இல்லாமல் கிழவி தூங்கமாட்டாள். இறங்கிவிட்டான். ஜெபராஜ் சார் வீட்டில், அவர் கலத்தைத் தட்டிக் காட்டியபோது இருந்த முகம் நினைவுக்கு வந்தது. இறங்கிவிட்டான். அடுத்த வீட்டில் வளைகாப்பு முடிந்த பெண். அதற்கடுத்த வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பெண். இப்படியே ஒவ்வொரு வீடாக ஏறி ஏறி இறங்கினான். மாசானம் கீழே வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "என்னவே, கோயிலா சுத்துதீரு?" என்று கத்தினான்.

மிஞ்சியது செயலாளர் வீடு. காந்திமதியின் சொதி கொஞ்சம் தடுத்தது. ஆனால் அந்த வீட்டு ஆண்பிள்ளையை அவன் பார்த்ததே இல்லை. உள்ளறையில் இருந்தாலும் திரையை விட்டு எழுந்து மாடிக்கு வரமாட்டார். முகம் தெரியாதவன் வீட்டில் திருடுவது பழகிய வேலை. பையிலிருந்து திருப்புளியை எடுத்து முதல் மரையாணியைக் கழற்றினான், அடுத்ததையும் கழற்றினான். மூன்றாவதைத் தளர்த்தும்போது கம்பம் செருமியது.

"ம்க்கும்."

சொரிமுத்து எட்டிப் பார்த்தான். வேட்டியில் கரி, நெற்றியில் வியர்வையில் கரைந்த திருநீறு, கலைந்த தாடி. யாரோ ஒரு ஆள் வேகுவேகென்று தெருவுக்குள் வந்துகொண்டிருந்தார். அவர் நேராக இந்த வீட்டைப் பார்த்தே வந்தார்.

"ஓய்! யாரு வேணும்?"

கையில் திருப்புளி இருந்ததை மறந்தே கத்திவிட்டான். கத்தியதோடு நில்லாமல், அதை இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கி ஓடி அவர் கையையும் பிடித்துவிட்டான்.

"விடும்வே! நான்தான் செயலாளர். ஆவுடையப்பன். இது என் வீடு."

"செயலாளரு வெளிய வர மாட்டாரு. அது இந்தத் தெருவுல பச்சப்புள்ளைக்கும் தெரியும். வேற ஏதாவது சொல்லும்."

"கோயில்ல இருப்புக்கொள்ளல. தெருவுல என்ன ஆச்சோன்னு நடந்தே வந்துட்டேன். நீ யாரு? அந்த வண்டிக்காரன் யாரு?"

"அவனப் பாத்துக் கம்பம் செருமலியே. உம்மப் பாத்துல்லா செருமிச்சு!"

ஆவுடையப்பன் கம்பத்தை நிமிர்ந்து பார்த்தார். கம்பம் பொய் சொல்லாது. அதை எழுதியவரே அவர்தான். மாசானமும் ஓடிவந்து இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டான். ஏன் பிடிக்கிறோம் என்று அவனுக்கே தெரியாது. ஒருவன் பிடிக்கும்போது இன்னொருவனும் பிடிப்பது தொழிலில் பழக்கம்.

அந்த நேரம் பார்த்துக் கொடைக்குப் போன வண்டிகள் திரும்பின. எல்லாரும் இறங்கிச் சூழ்ந்துகொண்டார்கள். ஜெபராஜ் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். கம்பம் மௌனமாக இருந்தது.

"அட, இவர எனக்குத் தெரியும்! காலையில அண்டாவோட வந்தாருல்லா, சமையக்காரரு. பாயசம் அருமையா இருந்துச்சுவே."

"சார், நான் ஆவுடையப்பன்!"

"பேரு நல்ல பேரு. எங்க செயலாளர் பேரும் அதான்."

கடைசி வண்டியிலிருந்து காந்திமதி இறங்கி வந்தாள். கணவரின் இரண்டு கைகளையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். அந்தக் காட்சியை ஆற அமர அனுபவித்தாள்.

"விடுங்க. எங்க வீட்டு ஆளுதான்," என்றாள் பிறகு.

தெருவே சிரித்தது. ஆவுடையப்பனுக்கும் கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது. பகவதி விடவில்லை. "அதெல்லாம் செல்லாது. செயலாளர்னாலும் தெருவுக்கு ஒரு நியாயம் உண்டு. முகங்காட்டலு நடந்தே ஆகணும். சொரிமுத்து, நீங்களே கூட்டிக்கிட்டுப் போங்க. இந்தத் தெருவுல எல்லாரையும் ஒங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்."

மாசானத்தைச் சொரிமுத்துவின் சொந்தக்காரன் என்று அவர்களே முடிவுசெய்துகொண்டார்கள். அவனுக்கும் பாயசம் கொடுத்து, அடுத்த வாரம் வந்து முகங்காட்டும்படி ஆளாளுக்குச் சொன்னார்கள். அவன் ஒரு தூக்குவாளிப் பாயசத்தோடும் காலி வண்டியோடும் தப்பித்தோம் பிழைத்தோம் என்று போனவன்தான். "இந்த ஊர்ல தொழில் செய்ய முடியாதுவே," என்று மட்டும் சொரிமுத்துவின் காதில் சொல்லிவிட்டுப் போனான்.

ஆவுடையப்பன் வீடுவீடாக நடந்தார். திரையில் கோடுகளாகப் பார்த்தவர்களை நேரில் பார்த்தார். வளைகாப்புப் பெண் வணங்கினாள். பகவதியின் மாமியார், "நல்லா இருக்கியாப்பா, எளச்சுப் போய்ட்டியே" என்றாள். அவர் வெளியே நடமாடிய காலத்திலிருந்து நினைவு வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் சொந்த வீட்டு வாசலிலும் நின்று, காந்திமதி "யாரு வேணும்?" என்று கேட்டபிறகே உள்ளே நுழைந்தார்.

சொரிமுத்து வாசலோடு கழன்றுகொள்ளப் பார்த்தான். ஆனால் ஆவுடையப்பன், "மாடியில கலத்தையும் ஒருதரம் பாத்துருவோம், வாரும்" என்று முன்னால் ஏறிவிட்டார்.

கலத்தின் பக்கத்தில் இரண்டு மரையாணிகள் கிடந்தன. மூன்றாவது பாதி கழன்று நின்றது. திருப்புளி சொரிமுத்துவின் இடுப்பில் இன்னும் செருகியிருந்தது.

ஆவுடையப்பன் ஆணியைப் பார்த்தார், திருப்புளியைப் பார்த்தார், பிறகு சொரிமுத்துவின் கண்களைப் பார்த்தார். திரை இல்லாமல் ஒருவன் கண்ணை அவர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. கீழே தெரு முழுக்க ஆள் இருந்தது. ஒரு குரல் கொடுத்தால் போதும். ஓடச் சொரிமுத்துவுக்குத் தெரியும். பகவதி பார்க்க ஓடத்தான் முடியவில்லை.

"எத்தன வீட்டுல?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இங்க மட்டுந்தான்."

"எல்லாரு சாவியும் ஒம்ம கையில இருந்துச்சு. பொறவு ஏன் என் வீட்ட மட்டும்?"

சொரிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மத்த வீட்டுல எல்லாரையும் தெரியும்."

கீழே யாரோ கேரம் காயைச் சுண்டும் சத்தம் கேட்டது. ஆவுடையப்பன் குனிந்து மரையாணியைப் பொறுக்கி அதன் துளையில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"முடுக்கும்," என்றார்.

சொரிமுத்து முடுக்கினான். கீழேயிருந்து காந்திமதி கூப்பிட்டாள்.

"ரெண்டு பேரும் மேல என்ன செய்யுதிய? காப்பி ஆறுது!"

"ஆணி தளந்துருக்கு. முடுக்கிக்கிட்டு இருக்கோம்," என்றார் ஆவுடையப்பன்.

மறுநாள் சாயங்காலம் செயலாளர் தம் நாற்காலியைத் தாமே தூக்கிக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் போட்டார். அவர் பெயரும் கண்முறையில் ஏறியிருந்தது. உள்ளே ஆளில்லாத அறையில் திரை தானாக ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கடைக்குப் போயிருந்த சொரிமுத்து தெருமுனையில் திரும்பினான். அப்போது அவனைப் பார்த்தது ஆவுடையப்பன் ஒருவர்தான். அவர் கண்ணின் பாப்பா மற்ற எவருடையதையும்விட அதிகமாக விரிந்தது. திரையில் ஒரு கோடு விருட்டென்று உயர்ந்து இறங்கியது. அதைப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

கம்பம் செருமவில்லை. தெரிந்த ஆள் என்பது மட்டும்தான் அதன் கணக்கு. என்ன தெரியும் என்று அது யாரையும் கேட்பதில்லை.

ஆவுடையப்பன் பக்கத்து நாற்காலியைக் காலால் நகர்த்திவிட்டார்.

"உக்காரும்வே. இன்னிக்கு நம்ம ரெண்டு பேருக்கும்தான் முறை."